ஒரு கோடி ஏக்கரில் மாடு மேய்த்த மனிதர்... மிஞ்சியது ஒரு வீடும் வைக்கோல் காடும்! யார் இந்த கான்ராட் கோர்ஸ்?

கௌபாய்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? தொப்பி, குதிரை, இடுப்பில் துப்பாக்கி. ஜெய்சங்கர் காலத்துத் தமிழ்ப் படங்களில் தொடங்கி இன்றைய ஓடிடி சீரிஸ் வரைக்கும் அந்த பிம்பம் பெரிசா மாறலை. ஆனால் அந்தத் தொப்பிக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த முதலாளிகள் யார், அவர்கள் நடத்திய பண்ணைகள் எப்படி இயங்கின என்பது நமக்கு அதிகம் தெரியாது.

அவர்களில் ஒருவர் கான்ராட் கோர்ஸ். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 'மாட்டு ராஜா' என்று அழைக்கப்பட்டவர். இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவருடைய மந்தைகள் மேய்ந்த நிலம் மொத்தம் சுமார் ஒரு கோடி ஏக்கர் என்று கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டின் பரப்பளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு!

அந்த ஒரு கோடி ஏக்கர் இன்று அவர் குடும்பத்திடம் இல்லை. ஆனால் அவர் வாழ்ந்த வீடு, தொழுவம், கணக்குப் புத்தகம், வைக்கோல் வண்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்தப் பண்ணையில் இன்னும் மாடு வளர்க்கிறார்கள். இது எப்படி நடந்தது?

கறிக்கடையில் ஆரம்பித்த கதை

கோர்ஸ் பிறந்தது 1835 ஆகஸ்ட் 5. ஊர், இன்றைய வட ஜெர்மனியில் இருக்கும் ஹோல்ஸ்டைன் பகுதி. 15 வயதில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து வீட்டை விட்டுக் கிளம்பினார். பிறகு அமெரிக்கா வந்து, கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். கறி வெட்டுவதும் சாசேஜ் செய்வதும் அவர் கற்றுக்கொண்ட தொழில்களில் அடக்கம்.

அது தங்க வேட்டைக் காலம். எங்காவது ஓர் ஆற்று மணலில் தங்கம் மின்னியது என்று செய்தி வந்தால் போதும், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். கோர்ஸும் கலிஃபோர்னியா போனார், கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுப் பக்கம் போனார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1862-ல் மொன்டானா வந்து சேர்ந்தார். அங்கே பேனக் என்ற சுரங்க முகாமில் ஹேங்க் கிராஃபோர்டு என்பவரின் கறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

கிராஃபோர்டு வெறும் கறிக்கடைக்காரர் இல்லை. அந்த முகாமின் ஷெரிஃபும் அவர்தான். ஹென்றி பிளம்மர் என்ற ஆளோடு மோதல் வந்து, அவரைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, உயிருக்குப் பயந்து 1863-ல் ஊரை விட்டே ஓடினார். கடை கோர்ஸ் கைக்கு வந்தது.

இங்கேதான் கோர்ஸ் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார். தங்கம் கிடைத்தவனும் சாப்பிட வேண்டும், கிடைக்காதவனும் சாப்பிட வேண்டும். அடுத்தடுத்து ஆல்டர் கல்ச், லாஸ்ட் சான்ஸ் கல்ச் என்று புதுப் புது முகாம்கள் முளைத்தன. கோர்ஸ் எல்லா இடத்திலும் கறி சப்ளை செய்தார். மாடு தேடிப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குதிரையில் அலைந்தார்.

அந்த அலைச்சலில் ஆபத்தும் இருந்தது. வழிப்பறியும் கொலையும் சகஜமான காலம். சட்டமோ நீதிமன்றமோ பெயரளவுக்குத்தான். சிலர் சேர்ந்து ஒரு தண்டனைக் குழு அமைத்து, குற்றவாளிகள் என்று தாங்கள் கருதியவர்களைத் தூக்கில் போட்டார்கள். கிராஃபோர்டுக்குப் பிறகு ஷெரிஃப் ஆகியிருந்த பிளம்மரும் 1864 ஜனவரியில் அப்படித்தான் தூக்கிலிடப்பட்டார். அந்தக் குழுவின் உறுப்பினர்களில் கோர்ஸும் ஒருவர். அவர் வாழ்க்கையில் எளிதாகத் தாண்டிப் போக முடியாத பக்கம் இது.

பண்ணை யாருடையது?

கறி விற்க மாடு வேண்டும். மாட்டுக்குப் புல் வேண்டும். புல்லுக்குப் பெயர் பெற்ற இடம் டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கு. அங்கே ஏற்கெனவே ஒருவர் வீடு கட்டி, மந்தை வைத்து வாழ்ந்துகொண்டிருந்தார். பெயர் ஜானி கிரான்ட். ஐரோப்பிய, பழங்குடி ரத்தம் இரண்டும் கலந்த மேத்தி சமூகத்தவர். அவர் மனைவி குவாரா ஒரு பழங்குடிப் பெண். வியாபாரத்தில் அந்த உறவுகள் கிரான்ட்டுக்குப் பெரிய பலம்.

கிரான்ட் செய்த வியாபாரம் ரொம்ப சிம்பிள். மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போகும் குடியேறிகளின் மாடுகள் நடந்து நடந்து எலும்பும் தோலுமாக இருக்கும். கிரான்ட் ஒரு கொழுத்த மாட்டைக் கொடுத்து, இரண்டு சோர்ந்த மாடுகளை வாங்கிக்கொள்வார். அவற்றை மொன்டானா புல்லில் மேய விடுவார். அடுத்த ஆண்டு அவையும் கொழுத்திருக்கும். மறுபடியும் ஒன்றுக்கு இரண்டு. இப்படியே மந்தை பெருகியது.

தங்கம் தேடி வந்த கூட்டம் பெருகப் பெருக, கிரான்ட் போன்றவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகிப்போனது. 1866-ல் பண்ணையை கோர்ஸுக்கு விற்றார். விலை 19,200 டாலர். அடுத்த ஆண்டு கிரான்ட் கனடாவின் மானிடோபா பக்கம் போய்விட்டார். இன்று அந்த இடத்தின் பெயர் கிரான்ட்-கோர்ஸ் ரான்ச். இரண்டு பெயர்களும் இருப்பது நியாயம்தான்.

அகஸ்டா வந்த பிறகு

1868-ல் கோர்ஸ் திருமணம் செய்துகொண்டார். மணப்பெண் அகஸ்டா குரூஸ், வயது 19. அவரும் ஜெர்மன் குடும்பம். திருமணம் முடிந்ததும் மிசௌரி ஆற்றில் நீராவிப் படகில் ஏறி, ஃபோர்ட் பென்டன் என்ற துறையில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் பண்ணைக்கு வந்தார்கள்.

வீட்டில் அதுவரைக்கும் ஆம்பளைங்க ராஜ்யம். அகஸ்டா வந்ததும் வீட்டு நிர்வாகத்தை மொத்தமாகத் தன் கையில் எடுத்தார். கோர்ஸின் தம்பி (தாய் ஒருவர், தந்தை வேறு) ஜான் பீலன்பெர்க் பண்ணை வேலைகளையும் குதிரைகளையும் பார்த்துக்கொண்டார். கோர்ஸ் வெளி வியாபாரம். மூன்று பேரும் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டு நடத்தியதுதான் இந்தப் பண்ணை. பெயர் மட்டும் ஒருவருக்குப் போனது.

அன்னா, கேதரின், வில்லியம் என மூன்று பிள்ளைகள். 1890-ல் பழைய மர வீட்டின் பின்னால் செங்கல்லில் ஒரு பெரிய பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். மொத்தம் 23 அறைகள்.

ஓப்பன் ரேஞ்ச்னா என்ன?

கோர்ஸ் பெரிய ஆளானதற்குக் காரணம் இந்த ஒரு ஏற்பாடுதான். நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு தெரியும் இல்லையா? யாருக்கும் பட்டா கிடையாது, ஊர் மாடுகள் எல்லாம் மேயலாம். திருத்தணி, கே.ஜி.கண்டிகை பக்கம் ஆடு, மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதையே ஒரு மாநில அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுதான் ஓப்பன் ரேஞ்ச். நிலம் அமெரிக்க அரசின் கணக்கில் இருக்கும். வேலி இருக்காது. மாட்டின் மேல் சூட்டுக்குறி போட்டு விட்டுவிடுவார்கள். வசந்தத்தில் கௌபாய்கள் எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்து, குறியைப் பார்த்துப் பிரிப்பார்கள். புல்லுக்குக் காசு இல்லை, வாடகை இல்லை. முதலீடு மாடு மட்டும்தான்.

கோர்ஸின் மந்தைகள் இப்படித்தான் நான்கு அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் சில பகுதிகளிலும் மேய்ந்தன. அவருக்குச் சொந்தமான நிலம் அதில் ஒரு சிறு பகுதிதான். 1883-ல் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை முழுமையானதும் சந்தை இன்னும் பக்கத்தில் வந்தது. உச்ச காலத்தில் ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 மாடுகள் வரை சிகாகோ இறைச்சிச் சந்தைக்கு அனுப்பினார். ஷார்ட்ஹார்ன், ஹியர்ஃபோர்ட் போன்ற உயர் இனக் காளைகளை வாங்கி இனத்தையும் மேம்படுத்தினார்.

ஆனால் எல்லோரும் இதையே செய்தார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்துகொண்டு மாட்டைப் பார்க்காதவர்கள்கூட மாட்டில் பணம் போட்டார்கள். ஸ்டார்ட்-அப் காய்ச்சல் மாதிரி. புல் அதே அளவுதான். மாடு கூடிக்கொண்டே போனது.

1886-87: எல்லாம் உறைந்த குளிர்காலம்

1886 கோடையில் மழை பொய்த்தது. புல் காய்ந்தது. ஏற்கெனவே அதிகமாக மேய்ந்த நிலம். மாடுகள் மெலிந்த உடம்போடு குளிர்காலத்துக்குள் நுழைந்தன.

பனி சீக்கிரமே கொட்ட ஆரம்பித்தது. நடுவில் கொஞ்சம் வெயில் அடித்து மேல்பனி உருகியது. நல்லது நடந்துவிட்டது என்று நினைக்கும்போதே கடுங்குளிர் திரும்பி வந்து, உருகிய நீர் கண்ணாடி மாதிரி பனிக்கட்டியாக இறுகியது. கீழே புல் இருக்கிறது. மாட்டால் அதை எட்ட முடியவில்லை. கால்களில் ரத்தம் வடிய நடந்து நடந்து, நின்ற இடத்திலேயே செத்தன.

பனி கரைந்தபோது பள்ளங்களில் எல்லாம் மாட்டுச் சடலங்கள். சில மந்தைகளில் பாதிக்கு மேல் காலி. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது பக்கத்து டகோட்டாவில் பண்ணை வைத்திருந்தார். அவரும் அந்தக் குளிர்காலத்தில் பாதிக்கு மேல் மாடுகளை இழந்தார். மாட்டுத் தொழிலில் அவர் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. அந்தக் குளிரைப் பற்றிய மிகப் பிரபலமான ஓவியம், சார்லஸ் ரஸ்ஸல் வரைந்தது. பசியில் தள்ளாடி நிற்கும் ஒற்றை மாடு. ஓர் அஞ்சலட்டை அளவுதான் அது.

கோர்ஸுக்கும் பலத்த அடி. மற்றவர்கள் கடையை மூடிக்கொண்டு போனபோது அவர் தாக்குப்பிடித்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நம்பிக்கை. பியூட் நகர வங்கியாளர் ஏ.ஜே.டேவிஸ் அவருக்கு ஒரு லட்சம் டாலர் கடன் கொடுத்தார். அடமானம் எதுவும் கேட்கவில்லை. 20 ஆண்டுகளாகக் கறிக்கடைக்காரராகவும் பண்ணைக்காரராகவும் கோர்ஸ் சம்பாதித்த பெயர்தான் ஜாமீன். நான்கே ஆண்டுகளில் கடனை அடைத்துவிட்டார்.

இரண்டாவது காரணம், வைக்கோல். டீர் லாட்ஜ் வீட்டுப் பண்ணையில் புல்லை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டுவைக்கும் பழக்கம் இருந்தது. நம்ம ஊர்ல ஒவ்வொரு மாட்டுக்கார வீட்டுப் பின்னாலும் நிற்கிற வைக்கோல் போர் மாதிரிதான். அங்கே வைக்கோல் என்பது நெல் தாள் இல்லை, காயவைத்த புல். ஒரு போர் ஒரு மந்தையைக் காப்பாற்றும் என்பது ஏழை விவசாயிக்குத் தெரிந்த பாடம். ஓப்பன் ரேஞ்ச் முதலாளிகள் பலர் அதை மறந்திருந்தார்கள்.

அதன் பிறகு தொழிலே மாறியது. நிலத்தை வாங்கு, வேலி போடு, தண்ணீர் பாய்ச்சு, குளிருக்கு வைக்கோல் சேர்த்துவை என்பது புது இலக்கணம் ஆனது. இன்றைக்கும் அந்தப் பகுதிப் பண்ணைகள் இயங்குவது இந்த முறையில்தான்.

சாம்ராஜ்யம் சுருங்கிய கதை

1889-ல் மொன்டானா மாநிலமானபோது அதன் அரசியல் சட்டத்தை எழுதிய மன்றத்தில் கோர்ஸும் ஓர் உறுப்பினர். 1900 வாக்கில் குடும்பம் தலைநகர் ஹெலெனாவுக்குக் குடிபெயர்ந்தது. பண்ணை வீடு கோடைக்கால வீடு ஆனது.

1901-ல் பெரிய இடி. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகன் வில்லியம் 21 வயதில் இறந்துபோனார். தொழிலுக்கு வாரிசு என்று நினைத்த பிள்ளை. மகனின் நினைவாக டீர் லாட்ஜில் ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

1909-ல் வந்த புதிய சட்டம், வறண்ட பகுதிகளில் குடியேறி விவசாயம் செய்பவர்களுக்கு 320 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. திறந்த மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாக வேலிக்குள் போனது. காலம் முடிந்துவிட்டது என்பது கோர்ஸுக்குப் புரிந்தது. மந்தைகளையும் நிலத்தையும் படிப்படியாக விற்றார். 1920 ஜூலை 23-ல் 84 வயதில் காலமானார். இரண்டு ஆண்டுகளில் தம்பி பீலன்பெர்க்கும் போய்விட்டார். கடைசியில் மிஞ்சியது வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 1,000 ஏக்கர் மட்டுமே.

கவனித்துப் பாருங்கள். வேலி இல்லாத ஒரு கோடி ஏக்கர் கைவிட்டுப் போனது. வைக்கோல் அறுத்த வீட்டுப் பண்ணைதான் மிஞ்சியது.

வீடு எப்படிப் பிழைத்தது?

இந்த இடத்தில் கதையின் நாயகர்கள் மாறுகிறார்கள். அகஸ்டா 1945 வரை, 96 வயது வரை வாழ்ந்தார். கோடைக்காலத்தில் பண்ணை வீட்டுக்கு வந்து தங்குவார். நாற்காலி, திரைச்சீலை, பீங்கான் என்று எதையும் சுலபத்தில் மாற்றவில்லை.

மகள் கேதரினின் மகன் கான்ராட் வாரன். தாத்தாவின் பெயரையே சுமந்தவர். 1932-ல் நிர்வாகத்தை ஏற்று, 1940-ல் பண்ணையைத் தானே விலைக்கு வாங்கினார். ஹியர்ஃபோர்ட் மாடுகளையும் பெல்ஜியன் குதிரைகளையும் வளர்த்தார். வாரனும் மனைவி நெல்லும் அந்த 23 அறை வீட்டில் குடியேறவில்லை. பக்கத்தில் சின்னதாக வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால் பாட்டி வீடு பாட்டி வைத்த மாதிரியே இருந்தது.

பழைய தொழுவத்தை இடிக்கவில்லை. துருப்பிடித்த வைக்கோல் வாரியை எடைக்குப் போடவில்லை. கடிதங்கள், ரசீதுகள், கணக்குப் புத்தகங்கள் எதையும் குப்பையில் போடவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் பழைய சாமான். வரலாற்று ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம்.

1960-ல் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அதை தேசியப் பூங்கா சேவையின் கீழ் கொண்டுவந்தது. இன்று 80-க்கும் மேற்பட்ட பழைய கட்டிடங்கள் அங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

முக்கியமான விஷயம், அது கண்ணாடிப் பெட்டி மியூசியம் இல்லை. மாடுகள் மேய்கின்றன, கன்று போடுகின்றன. குதிரை பூட்டி வைக்கோல் அறுப்பது எப்படி என்று செய்து காட்டுகிறார்கள். வேலை நின்றுவிட்டால் வேலை தெரிந்த கைகளும் போய்விடும். அப்புறம் கட்டிடம் வெறும் கூடு.

சொல்லாமல் விட்ட பக்கங்கள்

இந்தக் கதையை வெறும் வெற்றிக் கதையாகப் படிக்க முடியாது. ஓப்பன் ரேஞ்ச் காலியாக இருந்தது எப்படி? அங்கே கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகளை 1880-களின் தொடக்கத்துக்குள் சுட்டே தீர்த்துவிட்டார்கள். அவற்றை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்கள் ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். இலவசப் புல் என்று மாட்டு முதலாளிகள் சொன்னதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ.

இன்னொரு பக்கமும் உண்டு. பண்ணை வழியாக ஓடும் கிளார்க் ஃபோர்க் ஆற்றின் மேல்புறத்தில் பியூட், அனகோண்டா சுரங்கங்களும் உருக்காலைகளும் இருந்தன. 1908-ல் வந்த பெருவெள்ளம் அந்தக் கழிவுகளைக் கொண்டுவந்து கரையெல்லாம் படியவைத்தது. ஆர்செனிக்கும் தாமிரமும் கலந்த மண்ணில் பல இடங்களில் புல்கூட முளைக்கவில்லை. அதைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்யும் பணி சமீப ஆண்டுகளில்தான் அந்தப் பண்ணையில் நடந்தது. பாரம்பரியத்தைக் காப்பது என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மட்டும் இல்லை. மண்ணையும் ஆற்றையும் சேர்த்துத்தான்.

நமக்கு இதில் என்ன?

நம்மிடமும் இப்படி ஒரு மரபு உண்டு. கொங்கு நாட்டின் கொறங்காடு. முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். மழை குறைந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக காங்கேயம் மாடுகளை வளர்த்த மேய்ச்சல் முறை இது. அந்த இனத்தை வளர்த்தெடுத்ததில் பழையகோட்டை பட்டக்காரர் குடும்பத்தின் பங்கை கால்நடைத் துறை நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. பழையகோட்டையில் காங்கேயம் மாடுகளுக்கென்று நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியும் பிரபலம்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நாட்டு மாடு என்ற சொல் ஒவ்வொரு ஸ்டேட்டஸிலும் இருந்தது. ஆனால் மாட்டைக் காப்பாற்றுவது என்றால் மாடு மேயும் நிலத்தைக் காப்பாற்றுவது. கொறங்காடு மனைக்கட்டு ஆனால், ஊர்ப் புறம்போக்கு ஆக்கிரமிப்பானால், காளை போஸ்டரில் மட்டும்தான் நிற்கும்.

கோர்ஸ் குடும்பத்திடம் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் பெரிய பணம் தேவைப்படாதது. தாத்தாவின் மாட்டுக் கணக்கு நோட்டு, சந்தை ரசீது, சூட்டுக்கோல், மாட்டு மணி, மூக்கணாங்கயிறு திரிக்கத் தெரிந்த ஒரு பெரியவரின் கைப்பழக்கம். இவை எங்கே இருக்கின்றன என்று கேட்பது முதல் படி. ஃபோனில் ஒரு படம், ஒரு குரல் பதிவு எடுத்துவைத்தால் இரண்டாவது படி. வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர் கட்டு வந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பார்க்கலாம்.